விசாகப்பட்டினம்: கடற்கரையோடு முடிந்துவிடும் நகரமன்று

ஓராண்டு முழுவதும் தொடர் வைப்புக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேமித்து, விடுமுறைக்கு விசாகப்பட்டினம் வரும் குடும்பங்கள் பல. அவர்களுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒரே பட்டியல்தான்: ராமகிருஷ்ணா கடற்கரை, கைலாசகிரி, குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல், மறுநாள் அரக்கு. இவற்றில் குறையொன்றுமில்லை. 1969 முதல் 2001 வரை கடற்படையில் பணியாற்றிய ஒரு நீர்மூழ்கிக்குள் நடந்து பார்ப்பது சிறுவர்களுக்குக் கிடைத்தற்கரிய அனுபவம். ஆயினும், இந்நகரம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறியாமலேயே விருந்தினர் திரும்பிவிடுகின்றனர் என்பது என் ஆதங்கம்.

இங்குள்ள துறைமுகம் 1933-இல் திறக்கப்பட்டது. உள்நாட்டுச் சுரங்கங்களின் மாங்கனீசுத் தாது கடல் கடப்பதற்கு அது வழிகோலியது. டால்பின் மூக்கு என்னும் குன்று அதன் வாயிலுக்கு அரணாக நிற்கிறது. 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்நகரின்மீது குண்டு வீசின. ஆறே ஆண்டுகளில், இங்குள்ள கப்பல் தளத்தில் கட்டப்பட்ட ‘ஜல உஷா’வைப் பிரதமர் நேரு கடலில் இறக்கிவைத்தார்.

ஆந்திரப் பல்கலைக்கழகம் 1926-இல் பெஜவாடாவில் தொடங்கப்பெற்றுப் பின்னர் வால்டேர் மேட்டுக்கு வந்தது. அதன் முதல் துணைவேந்தர் சி.ஆர். ரெட்டி, ஆங்கில அரசின் அடக்குமுறையை எதிர்த்து 1930-இல் பதவி துறந்தார். அவரை அடுத்து, திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1931 முதல் 1936 வரை அப்பொறுப்பை வகித்தார். உலகப் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் சி.ஆர். ராவ் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றதும் இங்குதான். கல்லூரிப் படிப்பை எதிர்நோக்கும் பிள்ளைகளை அழைத்து வருவோர், இவ்வளாகச் சாலை வழியே ஒருமுறையேனும் செல்ல வேண்டாமா?

தமிழர்க்கு வேறோர் உறவும் உண்டு. சிம்மாசலம் கோயிலில் முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. குலோத்துங்க சோழபட்டினம் என்றும் இவ்வூர் ஒரு காலத்தில் வழங்கப்பட்டது.

இவற்றையெல்லாம் காட்டாமல் விடுவதால் வரும் இழப்பு, பயணியின் இழப்பு மட்டுமன்று. பீமிலி சாலையில், தொட்லகொண்டா குன்றின்மேல் பழம்பெரும் பௌத்த மடாலயம் ஒன்றின் எச்சங்கள் உள்ளன. பாறையில் குடைந்த நீர்த்தொட்டிகளே அக்குன்றுக்குப் பெயர் தந்தன. ரோமானிய வெள்ளி நாணயங்களும் அங்குக் கிடைத்துள்ளன. சற்றுத் தொலைவில், காற்றும் கடலும் பல்லாயிரம் ஆண்டுகளாக உருவாக்கிய செம்மணல் மேடுகள், எர்ர மட்டி திப்பலு, இருக்கின்றன. தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. ஆனால் அதன் அருமை அறியாதவர் கண்ணுக்கு, மனை விற்க ஏற்ற வெறும் மண்மேடாகவே அது தோன்றும். வளரும் நகரத்தில் நிலத்தின் விலை நாள்தோறும் பேசப்படுகிறது. அந்நிலத்தின் வரலாற்றைப் பேசுவோர் குறைந்தால், விலையே வெல்லும்.

வெயிலில் அலைந்து வரலாறு கற்கவா விடுமுறை என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. நான் வேண்டுவது அரை நாள் மட்டும். காலை வெயில் ஏறுமுன் தொட்லகொண்டாவும் செம்மணல் மேடுகளும். திரும்பும் வழியில் பல்கலைக்கழகச் சாலை. மாலை முழுவதும் கடற்கரைக்கே உரியது. மணல் மேடுகளில் சறுக்கி விளையாடாமல், வகுத்த பாதையில் நடப்பது ஒன்றே நாம் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு.

வெளியூரிலிருந்து வரும் உறவினரை வரவேற்கும் இந்நகரவாசிகளுக்கும் என் வேண்டுகோள் இதுவே. அடுத்த முறை வண்டியைக் கடற்கரைச் சாலையில் நிறுத்துமுன், தொட்லகொண்டாவரை சென்று திரும்புங்கள். அக்குன்றிலிருந்தும் கடல் அழகாகவே தெரியும்.