டர்போ மேல் பழி போடுமுன்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அரசாங்க உத்தியோகத்தில் பாதிக் காலம் சைக்கிள், மீதிக் காலம் மொபெட். அப்படிப்பட்டவன் டர்போ காரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இது காரைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. ஒரு புகார் வந்தால் அதை எப்படி விசாரிப்பது என்கிற விஷயமும்கூட. அது குமாஸ்தாவுக்குத் தெரியும்.

என் பேரன் போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினான். முதல் சொந்தக்காரர் பெரிய ஆசைக்காரர் போலிருக்கிறது. கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் போட்டிருந்தார். கறுப்பு ரப்பர் குழாய்கள் இருந்த இடத்தில் பளபளவென்று நீல சிலிக்கான் குழாய்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் 'புஸ்ஸ்' என்று காற்றை வெளியே துப்பும் ஒரு வால்வு. போதாததற்கு, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் கணக்கையே மாற்றி எழுதும் 'ரீமேப்'. இத்தனைக்கும் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

டர்போ என்பது லத்தீன் சொல். பம்பரம் என்று பொருள். பெயர் பொருத்தம்தான். எஞ்சின் வெளியேற்றும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். 1905-லேயே சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூஷி இதற்குக் காப்புரிமை பெற்றார். 1977-ல் ரெனோ கம்பெனி டர்போ காரை ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குக் கொண்டுவந்தபோது அது அடிக்கடி புகைவிட்டு நின்றுபோகும்; 'மஞ்சள் டீ கெட்டில்' என்று கேலி செய்தார்கள். அவர்கள் விடாமல் கோளாறுகளைத் தேடித் திருத்தினார்கள். 1979-ல் பிரான்சின் திழோன் நகரப் பந்தயத்தில் அதே கம்பெனியின் டர்போ கார் முதலாவதாக வந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். முன்சீட்டில் நான், பின்சீட்டில் என் மனைவி. மரக்காணம் தாண்டி ஒரு லாரியை முந்தப் போனான் பேரன். லாரியின் பாதி நீளம் வந்திருப்போம், வண்டி திடீரென்று சோர்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் போகவில்லை. எதிரே பஸ். எப்படியோ பிரேக் போட்டு லாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டான். காலாப்பட்டு வரை யாரும் பேசவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். ஸ்கேனரைச் செருகினார்கள். 'பி 0299' என்று வந்தது. டர்போ அழுத்தம் போதவில்லை என்று அர்த்தமாம்.

"டர்போ போச்சு சார், மாத்தணும். எண்பத்தஞ்சாயிரம் ஆகும்."

"கழற்றிப் பாத்தீங்களா தம்பி?"

"கம்ப்யூட்டரே சொல்லுதே சார்!"

கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவில்லை, அன்பர்களே. அழுத்தம் குறைகிறது என்று மட்டுமே சொன்னது. அது மனு, தீர்ப்பு அல்ல. 'எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை' என்று மனு வந்தால் உடனே புதுத் தொட்டி கட்ட உத்தரவு போடுவோமா? வால்வு மூடியிருக்கிறதா, குழாய் உடைந்திருக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்க்க மாட்டோமா?

பேரன் கிரெடிட் கார்டை எடுத்துவிட்டான். "இருடா, ரெண்டு நாள் பொறு" என்று தடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தேன்.

அன்று இரவு பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. பிரெஞ்சுப் படிப்பில் கடைசி வருடம் தத்துவம் கட்டாயப் பாடம். தெகார்த் 1637-ல் எழுதிய நூலில் நான்கு விதிகள் உண்டு. தெளிவாகத் தெரியாத எதையும் உண்மை என்று ஏற்காதே. சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி. எளியதிலிருந்து கடினமானதற்குப் போ. எதையும் விட்டுவிடவில்லை என்று கடைசியில் சரிபார். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. அதை ஒரு மெக்கானிக் கண்ணெதிரே செய்துகாட்டுவார் என்று நான் நினைக்கவில்லை.

நெல்லித்தோப்பில் ஒரு சின்ன ஷெட். அறுபது வயதிருக்கும் அவருக்கு. ஸ்கேனரை எடுக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"என்னென்ன மாத்தியிருக்கு தம்பி? எப்போ, எப்படி ஓட்டும்போது இப்படி ஆகுது?"

பிறகு பேரனை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கோரிமேடு ஏற்றம் வரை போய் வந்தார். திரும்பியதும், "மிதிச்சா மட்டும் காத்து சீறுதுங்கய்யா, நின்னா இல்ல" என்றார்.

டர்போவின் காற்று நுழையும் வாயை ஒரு பி.வி.சி. மூடியால் அடைத்தார். அந்த மூடியில் டயர் வால்வு ஒன்று பொருத்தியிருந்தது. கம்ப்ரஸரிலிருந்து மெதுவாக, கார் டயருக்கு அடிப்பதில் பாதி அளவுக்குத்தான் காற்று ஏற்றினார். "அதுக்கு மேல ஏத்தினா சீல் போயிடும்" என்றார். குழாய் இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்தார். இன்டர்கூலருக்குப் போகும் நீலக் குழாயின் அடியில் நுரை பொங்கியது! அங்கே போட்டிருந்த சாதாரண ஸ்க்ரூ கிளிப் சிலிக்கானைக் கடித்துக் கீறியிருக்கிறது. எஞ்சின் சும்மா ஓடும்போது அந்தக் கீறல் மூடிக்கொள்ளும்; அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும். அதனால்தான் வண்டியை நிறுத்திவைத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

டர்போவையும் விடவில்லை. குழாயைக் கழற்றி, அச்சை விரலால் அசைத்துப் பார்த்தார். முன்னும் பின்னும் ஆட்டம் இல்லை, இறக்கைகள் சுவரில் உரசவில்லை, எண்ணெய்த் தேக்கம் இல்லை. "டர்போ நல்லாத்தான் இருக்கு."

அதோடு நிறுத்தவும் இல்லை. கியர் மாற்றும்போது கறும்புகை வருவதற்கு அந்த 'புஸ்ஸ்' வால்வுதான் காரணம் என்றார். உள்ளே வரும் காற்றை ஒரு சென்சார் அளந்து கணக்கு எழுதிவிடுகிறது. அளந்த காற்றை வால்வு வெளியே துப்பிவிட்டால், இல்லாத காற்றுக்கும் சேர்த்து பெட்ரோல் போகிறது. வரவு எழுதிய பணம் பெட்டியில் இல்லாத கதை. ஃபில்டரின் எண்ணெய் வேறு அந்தச் சென்சார் கம்பியில் படிந்திருந்தது; அதற்கென்று உள்ள ஸ்ப்ரேயால் சுத்தம் செய்தார். ரீமேப் செய்த வண்டியில் அழுத்தம் அதிகம், பொறி தாண்டுவது கஷ்டம் என்று சொல்லி ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றி இடைவெளியைக் குறைத்தார். புதுக் குழாய், அகலமான பட்டை கிளாம்ப், காற்றைத் திரும்ப உள்ளேயே விடும் பழைய மாதிரி வால்வு. எல்லாம் போட்டபின் மறுபடியும் கோரிமேடு. சீறல் இல்லை, விளக்கு எரியவில்லை.

புது டர்போ போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓட்டை அங்கேயே இருந்திருக்கும். அழுத்தம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் புது டர்போவையும் இன்னும் வேகமாகச் சுற்றவைத்து வாட்டியிருக்கும். எண்பத்தஞ்சாயிரம் செலவழித்துவிட்டு, சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் மறுபடியும் ஒரு லாரியை முந்தப் போயிருப்பான்.

இளைஞர்களின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டியை மாற்றுகிறவர்கள் அதற்கு ஒரு ஃபைல் வைக்க வேண்டும். என்ன, எப்போது, எதற்காக மாற்றினோம் என்று எழுதுங்கள். ஒரே நாளில் நான்கை மாற்றாதீர்கள். எது வினை செய்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். பேரன் இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறான். "இருக்கிற வேகம் போதும்டா" என்று பாட்டி சொன்னதால் ரீமேப்பையும் எடுத்துவிட்டான்.

ஒர்க்‌ஷாப்காரர்களை மட்டும் திட்டுவதும் சரியல்ல. பாதித் தவறு நம்முடையது. பாகத்துக்குப் பில் போட்டால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். "மூணு மணி நேரம் தேடினேன்" என்றால், "சும்மா பாத்ததுக்கா காசு?" என்கிறோம். பிறகு யார் தேடுவார்கள்? மாற்றத்தானே சொல்வார்கள்.

நெல்லித்தோப்புக்காரர் சாமான்களுக்கு நாலாயிரத்துச் சொச்சமும், கூலியாக ஐந்நூறும் கேட்டார். பேரன் இரண்டாயிரமாகக் கொடுத்தான். "எதுக்குத் தம்பி இவ்வளவு?" என்று அவர் தயங்கினார்.

"கண்டுபிடிச்சதுக்கு" என்றேன் நான்.