'மெரிட் இல்லை' என்று எழுதிக்கொடுக்க நமக்கு ஒரு வக்கீலா?

'கேஸ்ல மெரிட் இல்லப்பா.' கோர்ட் வராந்தாவில் இதைக் கேட்காத தோழர்கள் நம்மில் குறைவு. இந்த வார்த்தை நமக்கு வேறு இடத்திலும் பழக்கம். 1990-ல் மண்டலை எதிர்த்துத் தெருவுக்கு வந்த சாதி இந்துக்கள் தொண்டை கிழியக் கத்தியது இதே மெரிட்டுக்காகத்தான். சீட்டுக்கு மெரிட், வேலைக்கு மெரிட். ஜெயிலுக்குள் கிடக்கிறவன் அப்பீல் பண்ணவும் மெரிட் வேண்டும் என்று அமெரிக்கா ஏழைகளுக்குச் சொல்லியிருக்கிறது. அது இல்லையென்று எழுதிக்கொடுப்பவர் எதிர்த்தரப்பு வக்கீல் அல்ல, அவனுக்கென்று கோர்ட்டே நியமித்த வக்கீல். இந்தக் கூத்தைத்தான் பேச வருகிறேன்.

1963 மார்ச் 18-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. கடுங்குற்ற வழக்கில் காசில்லாதவனுக்கு அரசு வக்கீல் வைத்துத் தரவேண்டும் என்றது கிடியன் தீர்ப்பு. முதல் அப்பீலுக்கும் அது பொருந்தும் என்றது டக்ளஸ் தீர்ப்பு. அதுவரை கலிபோர்னியாவில் ஏழை வக்கீல் கேட்டால், நீதிபதிகள் கட்டைப் புரட்டிப் பார்த்து 'இவனுக்கு வக்கீல் வைத்தும் பிரயோசனமில்லை' என்று முடிவுகட்டலாம். அந்த வேலை பிறகு எங்கே போனது? வக்கீலின் மேசைக்குப் போனது, அவ்வளவுதான்.

ஆண்டர்ஸ் வழக்கைப் பாருங்கள். கஞ்சா வைத்திருந்ததாகக் கலிபோர்னியாவில் தண்டிக்கப்பட்டவர். அப்பீலுக்கு நியமிக்கப்பட்ட வக்கீல் கட்டைப் படித்தார், அவரைப் போய்ப் பார்த்தார், பிறகு கோர்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டார்: இதில் மெரிட் இல்லை, நான் வாதுரை தாக்கல் செய்யப்போவதில்லை, வேண்டுமானால் அவரே எழுதிக்கொள்வார். வேறு வக்கீல் கொடுங்கள் என்று ஆண்டர்ஸ் கேட்டார். மறுத்தார்கள். தானே எழுதினார், 1959-ல் தோற்றார். 1967-ல்தான் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் இது அநியாயம் என்றது.

அநியாயம் என்று சொல்லிவிட்டு என்ன பரிகாரம் கொடுத்தது? வக்கீல் விலகவே கூடாது என்று சொல்லவில்லை. அப்பீல் முழுக்க வெற்று என்று மனசாட்சிப்படி பட்டால் விலக அனுமதி கேட்கலாம். ஆனால் அப்பீலுக்குச் சாதகமாக எது கிடந்தாலும் அதைச் சுட்டிக்காட்டி ஓர் அறிக்கை கூடவே வைக்க வேண்டும். கட்டு முழுதையும் கோர்ட் தானே படிக்கும். வாதத்துக்கு இடமிருந்தால் வக்கீல் தரும். ஆக ஒரே வக்கீல் 'ஒன்றுமில்லை' என்றும் எழுதணும், 'இதெல்லாம் இருக்கு' என்றும் எழுதணும். விஸ்கான்சின் மாநிலம் இன்னும் ஒரு படி போனது. அந்த வாதங்கள் ஏன் நிற்காது என்பதையும் கட்சிக்காரனின் வக்கீலே எழுத வேண்டும் என்றது. அரசுத் தரப்புக்கு வேலை மிச்சம்! 1988-ல் உச்ச நீதிமன்றம் அதையும் சரி என்றது.

அதே 1988-ல் வந்த பென்சன் வழக்கு என் வாதத்துக்குப் போதும். ஒகாயோ மாநிலம், 18 முதல் 28 ஆண்டு வரை தண்டனை. நியமிக்கப்பட்ட வக்கீல் 'மெரிட் இல்லாத அப்பீல்' என்று சான்றிதழே எழுதிக்கொடுத்தார். கோர்ட் அவரை அனுப்பிவிட்டது. பிற்பாடு அதே கோர்ட் கட்டைப் படித்தபோது வாதாடக்கூடிய விஷயங்கள் பல இருந்தன. ஜூரிக்குக் கொடுத்த அறிவுறுத்தலில் அப்பட்டமான தவறு, ஒரு குற்றச்சாட்டு ரத்தாகவே செய்தது. மற்றவற்றுக்கு வாதாட வக்கீல் கொடுத்தார்களா? இல்லை, வக்கீல் இல்லாமலே தள்ளினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

வக்கீல் பார்த்து இல்லாத மெரிட் நீதிபதி பார்த்ததும் எப்படி முளைத்தது? மெரிட் கட்டில் மட்டும் இல்லை தோழர்களே, படிக்கிறவன் கண்ணிலும் இருக்கிறது. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் 1970-ல் தண்டனை பெற்ற பண்ணையார்களின் அப்பீலில் 1973-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மெரிட் தெரிந்தது. பணக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை அதனால் நம்ப முடியவில்லையாம்.

'வக்கீல் கோர்ட்டுக்கும் கடமைப்பட்டவர், வெற்று அப்பீலைச் சுமக்கச் சொல்வது நியாயமா?' என்று ஒரு சட்ட மாணவர் என்னிடம் கேட்டார். விதி எல்லா வக்கீலுக்கும் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காசுள்ளவன் ஒரு வக்கீல் கைவிரித்தால் அடுத்த வக்கீலிடம் போவான். முதல் வக்கீல் சொன்னது கோர்ட் காதுக்கே போகாது. ஏழைக்கு மட்டும் அது நீதிபதியின் மேசையில் எழுத்தாக இருக்கும். கறுப்பர்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிடப் பல மடங்கு அடைக்கப்பட்டிருக்கும் நாட்டில் இது யார் தலையில் விடியும்? ஐடஹோ மாநிலம் 1977-லேயே, அப்பீல் வெற்று என்று காரணம் சொல்லி நியமன வக்கீல் விலகக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டது. இருக்கிற வாதத்தை வைத்துப் பேசிவிட்டுப் போகட்டும். வானம் இடிந்து விழவில்லை.

'கோர்ட்தான் கட்டு முழுதையும் படிக்கிறதே' என்பது அடுத்த சமாதானம். 2000-ல் கலிபோர்னியாவின் நடைமுறையை 5-க்கு 4 என்று ஏற்றபோதும் இந்தச் சமாதானம் இருந்தது. லூசியானாவில் வக்கீல் இல்லாத கைதிகள் அனுப்பிய மனுக்களை ஓர் அப்பீல் கோர்ட்டின் நீதிபதிகள் 1994-லிருந்து படிக்காமலே தள்ளிவந்தது 2007-ல் வெளியே வந்தது. ஊழியர் எழுதிவைப்பார், நீதிபதி கையெழுத்துப் போடுவார்.

நம் ஊரில் நிலைமை வேறு என்று நிம்மதிப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவில், வருமானம் பார்க்காமல் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் சட்ட உதவி உண்டு என்கிறது. அடுத்த 13-ஆம் பிரிவு அதற்கு வேலி போடுகிறது: வழக்கில் முகாந்திரம் இருப்பதாக ஆணையம் திருப்தி அடைய வேண்டுமாம். அந்தத் திருப்தி எப்படி வந்தது அல்லது வரவில்லை? சட்டக் கல்லூரித் தோழர்கள் மறுக்கப்பட்ட விண்ணப்பங்களைத் தேடிப் போங்கள். கட்டு முழுதையும் யார் படித்தது, காரணம் எழுத்தில் இருக்கிறதா, அது ஜெயிலில் இருப்பவர் கைக்கு அவர் வாசிக்கிற தமிழில் போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.