வாலியின் பக்கம்

கோடை பிறந்துவிட்டால் நம் ஜனங்களுக்கு ஏற்காட்டின் நினைவு வந்துவிடுகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேர்வராயன் மலைமேல் ஏறுகிறோம். ஏரியில் படகு விடுகிறோம். இரவில் கீழே மின்னும் சேலத்து விளக்குகளைக் கண்டு பரவசமடைகிறோம். இறங்கியதும் ரயிலுக்கு விரைகிறோம். சேலத்துக்கு மேற்கே அதிக தூரமில்லாத தாரமங்கலத்தை நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்?

அங்கே கைலாசநாதர் ஆலயம் மேற்கு நோக்கி நிற்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கெட்டி முதலிகள் வளர்த்த கோயில். சிங்கத்தின் வாயில் உருளும் கல்லையும், கற்சங்கிலியையும் காட்டி வியக்கச் சொல்வார்கள். கைத்திறன்தான், மறுக்கவில்லை. ஆனால் கைத்திறன் வேறு, கற்பனை வேறு.

கற்பனையைக் காண வேண்டுமானால் வாலி வதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தூணில் வாலியும் சுக்கிரீவனும் பொருதுகிறார்கள். தள்ளி வேறொரு தூணில் இராமன் வில்லேந்தி நிற்கிறான். இராமன் அருகே நின்றால் வாலி தெரிகிறான். வாலியின் அருகே நின்றால் இராமனைக் காணோம்!

ஒளி நேர்கோட்டில் செல்லுமாயின் இங்கிருந்து அது தெரியும்போது அங்கிருந்து இதுவும் தெரிய வேண்டாமா என்று நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இராமன் பக்கத்தில் நிற்பவன் தூணோரமாக எட்டிப் பார்க்கிறான். எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் அந்த ஓரத்து இடைவெளி மட்டுமே தெரியும், உருவம் தூணுக்குப் பின்னே மறைந்துவிடும். ஆகவே உளி பிடிக்கும் முன்பே, எந்தத் தூண் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சிற்பி மனத்தில் வரைந்திருக்க வேண்டும். கல்லை மட்டுமா செதுக்கினான்? கற்களுக்கு நடுவிலுள்ள வெளியையும் அல்லவா செதுக்கியிருக்கிறான்!

மூவரையும் ஒரே தூணில் வடித்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. மறைந்திருந்து அம்பு எய்தது தர்மமா என்று கம்பன் காவியத்தில் வாலி வாதாடுகிறான். தாரமங்கலத்துச் சிற்பி வாதாடவில்லை. நம்மை வாலி நின்ற இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறான்.

கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற 133 அடி வள்ளுவர் சிலையைச் சமைத்தவர் கணபதி ஸ்தபதி என்று குழந்தைகளும் படிக்கிறார்கள், நல்லதே. தாரமங்கலத்திலோ கெட்டி முதலிகளின் பெயரைத்தான் சொல்கிறார்கள்; சிற்பியைப் பற்றிப் பேச்சில்லை.

இந்தக் கோடையில் ஏற்காடு செல்லும் நேயர்கள் ஒரு காலைப் பொழுதைத் தாரமங்கலத்துக்கு ஒதுக்கட்டும். குழந்தைகளை முதலில் வாலியின் பக்கம் நிறுத்தி, இராமனைத் தேடச் சொல்லட்டும்.