இரண்டு விநாடிப் பரிசீலனை

கைபேசிகளில் தன்னுடைய 'சஞ்சார் சாத்தி' செயலியைப் பதித்தே விற்கவேண்டுமென்று 2025 நவம்பர் 28-ஆம் தேதி கட்டளையிட்ட மத்திய சர்க்கார், ஆட்சேபம் வலுத்ததும் டிசம்பர் 3-ஆம் தேதியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தரங்க உரிமை பிழைத்துவிட்டதென்று நம் பிரமுகர்கள் ஆனந்தப்படுவதைக் காண எனக்கு எரிச்சலே மிஞ்சுகிறது. ஜன்னலைச் சாத்திய சந்தோஷத்தில் வாசற்கதவை மறந்துவிட்டார்கள்.

ஒட்டுக்கேட்பு என்னும் அந்தக் கதவு 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் திறந்தது. 2024 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்பு விதிகளாக மறுபிறவியும் எடுத்தது. ஒட்டுக்கேட்க அனுமதி அளிப்பவர் உள்துறைச் செயலாளர். அது நியாயந்தானா என்று பரிசீலிப்பது அமைச்சரவைச் செயலாளரின் தலைமையில், மாநிலமாயின் தலைமைச் செயலாளரின் தலைமையில், கூடும் குழு. உத்தியோகஸ்தர் செய்ததை உத்தியோகஸ்தரே சோதிக்கும் இந்த ஏற்பாட்டின் லட்சணத்தை, தரவுப் பாதுகாப்புக்கான நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-லேயே எழுதிவைத்தது: இரு மாதங்களுக்கொருமுறை கூடும் மத்தியப் பரிசீலனைக் குழுவின் முன் ஒவ்வோர் அமர்விலும் 15,000 முதல் 18,000 கட்டளைகள் நிற்கின்றன. வாசகர்கள் தயவுசெய்து கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். காபிக்கும் போஜனத்துக்கும் எழாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் கிடைப்பவை 28,800 விநாடிகள். ஆக, ஒரு பிரஜையின் அந்தரங்கத்துக்கு இரண்டு விநாடிகூடத் தேறாது. கோப்பின் நாடாவை அவிழ்க்கவே அது போதாதே!

குழுவின் முன் வராமலே போகும் கட்டளைகளும் உண்டு. 2011 ஆகஸ்டில் பிறந்த அப்படிப்பட்ட கட்டளையொன்றைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தார்; பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது, குற்றத்தைத் துப்பறிவதற்கென்று மட்டும் ஒட்டுக்கேட்கலாகாதென்பது தீர்ப்பு. வழக்காடியவர் ஒரு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். அவருக்கே கட்டளை பிறந்து ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்தான் நியாயம் கிட்டியது. 2021-ல் ஹைதராபாத் போலீசார் வீதியில் போவோரை மறித்து, கஞ்சா என்ற சொல் இருக்கிறதா என்று வாட்ஸ்அப்பைத் துழாவினார்களே, அதுபோல் சென்னை எம்.கே.பி. நகரின் இரவுச் சோதனையில் "போனைத் திறடா" என்று அதட்டப்படும் பையன் எந்த நியாயஸ்தலத்தின் படியேறுவான்?

குற்றமற்றவனுக்கு என்ன பயம் என்பார்கள் சில பெரியவர்கள். எம்.கே.பி. என்னும் மூன்றெழுத்துக்குள் இருக்கும் மகாகவி பாரதியைப் புதுச்சேரியில் பத்தாண்டுகள் பிரிட்டிஷ் ஒற்றர்கள் பின்தொடர்ந்தார்களே, அவர் செய்த குற்றம் யாது? இதற்குமேல் அவர்களோடு வாதிப்பது வீண்.

நீதிபதியின் எழுத்துமூல வாரண்ட் இன்றிக் கைபேசியைத் திறப்பதும் ஒட்டுக்கேட்பதும் தண்டனைக்குரிய குற்றமென்று சட்டமியற்ற வேண்டும். அதுவரை, 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக வழங்கிய அந்தரங்க உரிமை வெறும் காகிதச் சாசனமே. பரிசீலனைக் குழுக்களையோ இன்றே கலைத்துவிடலாம். தேசத்துக்கு இரண்டு விநாடிக்குமேல் நஷ்டமில்லை.