பெரிய வீட்டு நாவலுக்குப் பழஞ்சோறே பொருத்தம்

அண்மையில் வார இதழொன்றின் இளம் உதவி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வாரம் ஒரு நாவலையும் அதனோடு சேர்த்து உண்ண ஒரு வீட்டுப் பண்டத்தையும் அறிமுகம் செய்யும் பகுதி ஒன்றைத் தொடங்கப் போகிறார்களாம். ஞாயிறு முற்பகல், காலை உணவுக்குப் பிந்தியும் மதிய உணவுக்கு முந்தியும் வருகின்ற அந்த வேளையைக் கொழும்பு ஹோட்டல்கள் 'பிரஞ்ச்' என்று பெயரிட்டு விற்கின்றன அல்லவா? அந்த வேளைக்கு இலக்கியத்தையும் தட்டின் ஓரத்தில் வைப்பதே நோக்கம். முதல் வாரத்துக்குக் குடும்ப நாவல் ஒன்று வேண்டும். தெரிவையும் அவரே செய்து வைத்திருந்தார்: மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய', கூடவே பாற்சோறும் லுணுமிரிஸும்.

"கொஞ்சம் இலேசாக எழுதித் தாருங்கள் சேர்" என்றார்.

இலேசாக எழுத என்னால் இயலவில்லை. இயலாமைக்கான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

நாவலையும் உணவையும் இணைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவன் சமையலறையைத் தாண்டிப் போக முடியாது. எனது ஆட்சேபம் இணைக்கும் முறையைப் பற்றியது. தெற்கத்திச் சிங்களக் கிராமம், ஆகவே பாற்சோறு. தஞ்சாவூர்க் கதை, ஆகவே டிகிரி காப்பி. யாழ்ப்பாணக் கதை, ஆகவே ஒடியற் கூழ். இது வாசிப்பன்று. சுற்றுலாப் பயணிக்கு வழிகாட்டி வைத்திருக்கும் பட்டியல். நாவல் எதைச் சொல்கிறது என்று கேளாமல், எந்த ஊரில் நடக்கிறது என்று மாத்திரம் கேட்டுவிட்டுத் தட்டை நிரப்புகிறார்கள்.

'கம்பெரலிய' எதைச் சொல்கிறது? 1944 இல் வெளிவந்த நாவல் அது. 1949 இல் வந்த 'யுகாந்தய', 1957 இல் வந்த 'கலியுகய' ஆகியவற்றோடு சேர்ந்து முத்தொகுதியாக நிற்பது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963 இல் அதைத் திரைப்படமாக்கினார். எம். எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். தென்னிலங்கைக் கிராமமொன்றில் முகாந்திரம் ஒருவரின் பெரிய வீடு. அந்த வீட்டு மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த பியல், குலத்தில் குறைந்தவன் என்று மறுக்கப்படுகிறான். குலத்தில் குறையாத, கையில் காசில்லாத ஜினதாசவுக்கு அவள் மணம் முடிக்கப்படுகிறாள். ஜினதாசவின் பிழைப்பு நொடிக்கிறது. ஊரை விட்டுப் போகிறவன் திரும்பி வருவதில்லை. கொழும்பில் பணம் சேர்த்த பியலையே பின்னர் அவள் மணக்கிறாள். இதற்கிடையில் பெரிய வீட்டின் கௌரவம் அப்படியே இருக்கிறது. வருமானந்தான் இல்லாமற் போகிறது.

பாற்சோறு மங்கல நாளின் உணவு. பச்சையரிசியை வேகவைத்து, முதற்பால் விட்டு இறுக்கி, வாழையிலையில் பரப்பிச் சாய்சதுரமாக வெட்டி அடுக்குகின்ற பண்டம். சித்திரைப் புத்தாண்டில், மாதத்தின் முதல் நாளில், புதுமனை புகும்போது அது அடுப்பில் ஏறும். ஒரு குடும்பம் உள்ளுக்குள் உளுத்துப் போவதைச் சொல்லும் நாவலுக்குப் பக்கத்தில் அதை வைப்பது, பெரிய வீட்டார் வெளியாருக்குக் காட்டிய முகத்தையே நாமும் நம்பிவிட்டோம் என்பதற்கு ஒப்பானது.

அந்த நாவலுக்குப் பொருத்தமானது பழஞ்சோறு. சிங்களவர் அதைத் 'தியபத்' என்கிறார்கள். நேற்றைய சோற்றில் தண்ணீர் விட்டு வைத்து, மறுநாள் பிழிந்தெடுத்து, தேங்காய்ப்பாலோ தயிரோ சேர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, தேசிக்காய்ப் புளி விட்டுக் குழைப்பது. யாழ்ப்பாணத்தில் நேற்றைய மீன் குழம்பும் அதில் சேரும். பெரிய வீட்டிலும் சிறிய வீட்டிலும் முற்பகல் பத்து மணிக்கு உண்ணப்பட்டது இதுதான். குடும்ப நாவலின் விடயமும் இதுவே: நேற்று மிஞ்சியதை வைத்துக்கொண்டு இன்றைக்கு எப்படிச் சீவிப்பது? நந்தாவின் தாய் தகப்பனுக்கு மிஞ்சியது குலப்பெயர். அதைத்தான் அவர்கள் பிள்ளைகளுக்குப் பரிமாறினார்கள்.

இந்த இடத்தில் என் வீட்டையும் சொல்லியாக வேண்டும். எங்கள் குசினியில் அம்மா பெரிய சட்டியொன்றில் பழஞ்சோற்றைக் குழைத்து, சுற்றியிருந்த எங்கள் உள்ளங்கைகளில் உருண்டை உருண்டையாக வைப்பார். பிள்ளைகள் முடிந்து, தோட்டத்தால் வந்தவர்கள் முடிந்து, சட்டியின் அடியில் ஒட்டியிருப்பது அவருக்கு. அதை வழித்து உண்டபடி, வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த கட்டொன்றை மடியில் வைத்து வாசிப்பார். ஒரு நாளில் அவருக்குக் கிடைத்த வாசிப்பு நேரம் அவ்வளவுதான். நாவலும் முற்பகல் உணவும் இணைந்த காட்சியை நான் முதலில் கண்டது அங்கேதான். ஓர் அத்தியாயத்தையேனும் அவர் முழுதாக முடித்ததை நான் கண்டதில்லை. யாராவது ஒருவர் தண்ணீர் கேட்போம்.

பின்னாளில் கலைப்பட்டம் படிக்கப் போய், விடுமுறையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி 'கிராமப் பிறழ்வு' படித்தேன். குடும்ப அமைப்பின் சிதைவு பற்றிக் கட்டுரையும் எழுதினேன். நான் வாசித்த நேரத்தில் உணவு என் கைக்கு வந்துகொண்டே இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை.

பழஞ்சோற்றை நான் புனிதப்படுத்துவதாக எவரும் எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பெரிய வீடுகளில் குழைத்த அதே சோறு, வேலியோரம் நின்ற கூலிக்காரனுக்குச் சிரட்டையில் போடப்பட்டது. குடும்பம் என்ற சொல்லுக்கு ஒரு முற்றம் உண்டு; முற்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. உணவைப் பற்றி எழுதுகிறவன் அதையும் எழுத வேண்டும்.

"சாப்பாட்டுக்குள் ஏன் அரசியலைக் கொண்டு வருகிறீர்கள்?" என்று அந்த இளைஞர் கேட்டார். கொண்டு வந்தவன் நானல்லன். 2009 மே மாதம் யுத்தம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது கொழும்பு வீதிகளில் பாற்சோறு பொங்கிப் பகிர்ந்தார்கள். எங்கள் ஒழுங்கை முனையிலும் வாழையிலை விரிந்தது. ஆண்டுதோறும் ஏப்ரலில் எங்கள் வீட்டுக்குப் பாற்சோறு அனுப்புகின்ற, தைப்பொங்கலன்று எங்கள் புக்கையை வாங்கிக்கொள்கின்ற அயல்வீட்டாரே ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்கள். அவர்களுடைய முகத்தில் வன்மம் இருக்கவில்லை. வாங்கினேன். வாங்காமல் விட எனக்குத் துணிவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பின், உண்ணவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. மே 19 ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஜனாதிபதி, இனி இந்நாட்டில் சிறுபான்மையினர் என்று எவரும் இல்லை என்றார். எல்லோரும் ஒரே குடும்பம் என்று பொருள் கொள்ளலாம். அந்தக் குடும்பத்தின் முதற் பந்தியில்தான் அந்தத் துண்டு என் கையில் இருந்தது.

அதே நாட்களில் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்த மக்கள் உண்டது, அரிசியைத் தண்ணீரில் காய்ச்சி உப்பிட்ட கஞ்சி. பழஞ்சோறு கூட அவர்களுக்கு இல்லை. மிஞ்சுவதற்கு முதல் நாள் சோறு இருந்திருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு மே மாதமும் வடக்கிலும் கிழக்கிலும் நினைவாக அந்தக் கஞ்சியைக் காய்ச்சி வழங்குகிறார்கள். 2024 மே மாதத்தில் சம்பூரில் அதை வழங்கியதற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டனர். ஒரே அரிசிதான். பால் விட்டுப் பொங்கினால் வீதியில் வைக்கலாம். தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் பொலிஸ் வரும். ஊர்ப்பெயரைப் பார்த்து உணவு தெரிவு செய்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியவரும்?

இதற்காகப் பாற்சோற்றையோ விக்கிரமசிங்கவையோ நான் பகைக்கவில்லை. அயல்வீட்டுத் தட்டு இன்றும் ஏப்ரலில் வருகிறது, உண்கிறேன். விக்கிரமசிங்க பிறந்த கொக்கலையின் மக்களே இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளத்துக்காகத் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். 'கம்பெரலிய' வெளிவந்தது அந்தப் போர் முடியும் முன்னரே. இடம்பெயர்ந்தவனின் வலி அந்த மண்ணுக்குப் புதியதன்று. அதனாலேயே அந்த நாவலைப் பண்டிகைத் தட்டின் ஓரத்தில் அலங்காரமாக வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உதவி ஆசிரியருக்கு மாற்று யோசனை ஒன்று சொன்னேன். சனிக்கிழமை இரவு, வீட்டில் வழக்கமாகச் சமைக்காத ஒருவர் சோறாக்கட்டும். இரண்டு சுண்டு கூடுதலாகப் போட்டுத் தண்ணீர் விட்டு வைக்கட்டும். ஞாயிறு பத்து மணிக்கு அவரே வெங்காயம் அரிந்து, தேங்காய் துருவிப் பாலெடுத்துக் குழைக்கட்டும். முதல் உருண்டை, அந்த வீட்டில் எப்போதும் கடைசியாக உண்கிறவருக்குப் போக வேண்டும். பிறகு நாவலையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, அத்தியாயம் முடியும்வரை யாரும் தண்ணீர் கேட்கக் கூடாது.

பழஞ்சோறு படத்துக்கு எடுபடாது என்று அவர் சொன்னார். முதல் வாரத்துக்குப் பாற்சோறே போவதென்று முடிவாகியிருக்கிறதாம். எழுதுவதற்கு வேறொருவரைப் பிடித்துவிட்டார்கள்.

வாசகர்கள் வரும் ஞாயிறு என் முறையைச் செய்து பார்க்கலாம். செலவு அதிகமில்லை.