வாக்கில்லாத வயதினருக்கு ஒரு சபை

உள்ளூராட்சி என்பது குப்பை, வடிகால், தெருவிளக்கு, சந்தை, நூலகம், விளையாட்டு மைதானம் ஆகியவற்றின் ஆட்சி. இவற்றை நாள்தோறும் அதிகம் பயன்படுத்துகிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். காலையும் மாலையும் வீதியோரமாகச் சைக்கிளில் போகிறவர்களும், மைதானத்தில் விளையாடுகிறவர்களும், நூலகத்தில் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் பெரும்பாலும் பதின்ம வயதினரே. ஆனால் இவை பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுடைய குரல் கேட்பதில்லை. திருகோணமலை மாவட்டத்தின் ஒவ்வோர் உள்ளூராட்சி சபையும் 14 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கென ஓர் இளையோர் சபையை அமைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இளைஞரை உள்ளூராட்சிக்குள் கொண்டுவரும் எண்ணம் இந்நாட்டில் புதியதன்று. அது இரத்தம் சிந்திய பிறகு வந்த எண்ணம். தெற்கில் 1987 முதல் 1989 வரை நடந்த கிளர்ச்சியும், வடக்கு கிழக்கில் தமிழ் இளைஞர்கள் ஆயுதம் ஏந்தியதும் அரசை உலுக்கின. அதன் விளைவாக அமைக்கப்பட்ட இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளர்களில் 40 வீதத்தினர் இளைஞராக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. பின்னர் இளைஞருக்கு 25 வீதம் என்ற ஏற்பாடு வந்தது. 2025 தேர்தலில் நடந்தது என்ன? இளைஞர் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள் உரிய முறையில் உறுதிப்படுத்தப்படவில்லை என்று பல வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. கட்சிகள் இளைஞரைப் பட்டியலை நிரப்பும் பெயர்களாகவே கருதுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளோருக்கு இந்தப் பட்டியலிலும் இடமில்லை. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் கீழ்ச் சிறுவர் கழகங்கள் உள்ளன. தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் கழகங்களும் இளைஞர் பாராளுமன்றமும் உள்ளன. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவை திணைக்களங்களின் வழியே மேலே கொழும்பை நோக்கிச் செல்பவை. அடுத்த தெருவில் இருக்கும் சபை மண்டபத்துக்குச் செல்லும் பாதை அவற்றில் இல்லை. தலைநகரில் நின்று உரையாற்றுவது நல்ல பேச்சுப் பயிற்சி. தன் பாடசாலைக்கு முன்னால் தேங்கும் மழைநீரைப் பற்றிக் கேட்டுப் பதில் பெறுவதே குடிமைப் பயிற்சி.

இந்த மாவட்டத்தைக் குறிப்பாக நான் சொல்வதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, அச்சம். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். கூடி நிற்காதே, பேசாதே, வீட்டுக்கு வா என்று பிள்ளைகளை அழைக்கும் பெற்றோரின் குரலில் இந்த நினைவு இருக்கிறது. பிள்ளைகள் பொது இடத்தில் கூடலாம், பொது விடயம் பேசலாம், அதனால் கேடு வராது என்பதை ஒரு பொது நிறுவனந்தான் கதவைத் திறந்து காட்ட வேண்டும்.

இரண்டாவது, பிரிந்து வளர்தல். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எனும் மூன்று சமூகத்தாரும் பெருந்தொகையாக வாழும் இம்மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டவில்லை என்பதை 2012 குடிசன மதிப்பீடு காட்டுகிறது. ஆயினும் பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளில் படிக்கிறார்கள். மூதூர்ப் பிள்ளையும் கந்தளாய்ப் பிள்ளையும் சந்திப்பது விளையாட்டுப் போட்டியில் எதிரணிகளாகத்தான். சபைதோறும் அமையும் இளையோர் சபைகள் ஆண்டுக்கு இருமுறையேனும் மாவட்ட அளவில், இரு மொழியிலும் கூடினால், எதிர்த்து நிற்காமல் ஒரே மேசையைச் சுற்றி அமரும் பழக்கம் உண்டாகும்.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே, உறுப்பினர்களோடு அப்பகுதி வாசிகளையும் சேர்த்துக் குழுக்கள் அமைக்க இடந்தருகிறது. வேண்டியவை மூன்று நிபந்தனைகள். ஒன்று, இளையோர் சபை எழுத்தில் கேட்பதற்குச் சபை ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இரண்டு, வரவு செலவுத் திட்டத்தில் சிறு தொகையேனும் அவர்கள் முடிவுக்கு விடப்பட வேண்டும். மூன்று, உறுப்பினரை அதிபர்களோ அரசியல்வாதிகளோ நியமிக்கக் கூடாது. பாடசாலையை விட்டுக் கடலுக்குப் போகும் பிள்ளைக்கும் அதில் இடம் வேண்டும்.

அவர்கள் எதைப் பேசுவார்கள் என்று கேட்பவர் உண்டு. திருகோணமலை நகரில் திரியும் புள்ளிமான்கள் குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைத் தின்கின்றன. அதைப் பாடசாலைக்குப் போகும் வழியில் தினமும் காணும் பிள்ளைகளிடம் யோசனை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பிள்ளைகளின் படிப்புக் கெடும், அரசியல் புகுந்துவிடும் என்பது இன்னொரு கவலை. அரசியல்வாதிகள் இவர்களை மாலை அணிவிக்கவும் வரவேற்பு நடனத்துக்கும் வரிசையில் நிறுத்தும்போது இந்தக் கவலை எழுவதில்லை. பிரான்சின் ஷில்டிகைம் நகரம் 1979இலேயே சிறுவருக்கு நகரசபை அமைத்தது. ரொறன்ரோ மாநகரில் இளையோர் அமைச்சரவை ஒன்று பல்லாண்டுகளாக இயங்குகிறது. அந்நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, அவர்களின் பெற்றோர் விட்டுவந்த ஊரின் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த நம் சபைகள், 2025 ஜூன் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றி, அதிகாரிகளின் கையிலேயே இருந்தன. தமக்கென ஒரு சபை இல்லாதிருப்பது எப்படிப்பட்டது என்பதை வளர்ந்தவர்கள் இரண்டு ஆண்டுகள் உணர்ந்தார்கள். பதின்ம வயதினர் அதை எப்போதுமே உணர்ந்துகொண்டிருக்கிறார்கள்.