ஜகார்த்தா வெற்றியும் நமது திடல்களும்

பெங்களூரின் காக்ஸ் டவுனை அடுத்த கௌதமபுரத்தில், தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் சந்துகளுக்கிடையே, பிரேசில் நாட்டுப் பெலேக்குச் சிலை எழுப்பும் அளவுக்குக் கால்பந்தின்மீது அபிமானம் கொண்ட இளைஞர்கள், 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இதே பெங்களூரைச் சேர்ந்த அருமைநாயகமும் இடம்பெற்றிருந்தார் என்பதை அதே பெருமிதத்தோடு சொல்லிக்கொள்ள வேண்டுமென்பது என் பிரார்த்தனை.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்ற அணி அது. தாய்லாந்துடன் ஆடியபோது தலையில் காயமுற்றுத் தையல் போடப்பட்ட தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை, ஓய்வளித்து உட்கார வைக்காமல், முன்னணித் தாக்குதலுக்கே அனுப்பிய பயிற்சியாளர் ரஹீமின் தீர்க்கதரிசனத்தை என்னவென்று புகழ்வது! அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராகவும், இறுதியில் அதே கொரியாவுக்கு எதிராகவும் ஜர்னைல் கோல் போட்டார். அவ்விளையாட்டிலிருந்து இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்ததால் கொதித்திருந்த ஜனத்திரள் நம்மவர்களை இடைவிடாது ஏசிக் கூச்சலிட, கோல் கம்பங்களுக்கிடையே பீட்டர் தங்கராஜ் நிலைகுலையாது நிற்க, 2–1 என்ற கணக்கில் தங்கம் நமதாயிற்று. ரஹீம் மறு ஆண்டே புற்றுநோயால் காலமானார்.

இத்தகைய வீரர்கள் உருவாக, பள்ளி விட்டதும் பையன்கள் ஓடிச் சேரும் தூரத்தில் ஒரு திடல் அவசியம். ஆகவே, காக்ஸ் டவுன் வட்டாரத்தில் எஞ்சியுள்ள திறந்த வெளிகளைக் கட்டடங்களுக்கு இரையாக்காமல், கட்டணமின்றிச் சிறுவர்களுக்கு விட்டுவைத்து, அவற்றில் ஒன்றுக்கு அருமைநாயகத்தின் நாமத்தையும் நகர நிர்வாகம் சூட்ட வேண்டும்.